விளக்கு எரிந்தால் வேலை முடிந்ததா? நம் வீடுகளில் தொங்கும் வயர்கள்

கிள்ளானில் என் பெரியம்மா குடியிருக்கும் மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடித் திருப்பத்துக்கு வந்ததும் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். மேலேயிருந்து ஐந்தாறு கேபிள்கள் ஊஞ்சல் கயிறுபோல இறங்கித் தொங்குவதுதான் காரணம். அவற்றில் இன்டர்நெட் வயர் எது, படிக்கட்டு விளக்குக்குப் போகும் மின்சார வயர் எது, என்றைக்கோ கைவிடப்பட்ட பழைய தொலைபேசி வயர் எது என்று பிரித்துச் சொல்ல அங்கு ஆள் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அத்தனையையும் சேர்த்து, சிவப்பு ராஃபியா கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார்.

வீட்டுக்குள் போனால் அங்கேயும் அதே கதை. புதிதாக வாட்டர் ஹீட்டர் பொருத்தியிருந்தார்கள். டிபி பெட்டியிலிருந்து குளியலறை வரை அதன் வயர் ஏறக்குறைய பதினைந்து அடி ஓடுகிறது. அதைச் சுவரில் பிடித்திருந்தவை மொத்தம் மூன்றே மூன்று பிளாஸ்டிக் கிளிப்புகள். நடுவில் வயர் தொய்ந்து, கதவு நிலையின் மேல் சாய்ந்து கிடந்தது.

"பெரியம்மா, இத ஒழுங்கா கிளிப் அடிச்சிப் போடச் சொல்லலையா?"

"எதுக்கும்மா? ஹீட்டர்தான் வேலை செய்யுதே. பையன் வந்து அரை மணி நேரத்துல முடிச்சிட்டுப் போய்ட்டான்."

பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம்மில் பெரும்பாலானோர் வயரிங் வேலையை அப்படித்தான் மதிப்பிடுகிறோம். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறதா? எரிந்தால் வேலை முடிந்தது. காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஆனால் வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பாதி வேலைதான். அந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் அதைத் தாங்கிப் பிடித்திருப்பது எது என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை யாரும் பார்ப்பதில்லை. யாரும் அதற்குத் தனியாகக் காசும் கொடுப்பதில்லை. அதில் உயிர்கள் போயிருக்கின்றன.

கனம் தாங்காத முனை

முதலில் அன்றாட ஆபத்தைப் பார்ப்போம். செம்பு கனமான உலோகம். சுவரில் சரியாகப் பிடிக்கப்படாத வயர் தன் சொந்தக் கனத்தாலேயே கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பு போய்ச் சேரும் இடம் முனையில் இருக்கும் திருகு. பிளக் பாயிண்டின் உள்ளே, சுவிட்சின் உள்ளே, டிபி பெட்டியின் உள்ளே அந்தத் திருகுகள் இருக்கின்றன. கதவு மோதும்போதும், துணி காயப்போடும் கம்பி உரசும்போதும், பிள்ளைகள் இழுத்து விளையாடும்போதும் அதே இடத்தில்தான் அழுத்தம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இணைப்பு தளர்கிறது.

தளர்ந்த இணைப்பு என்ன செய்யும்? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 3,600 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 16 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். தளர்ந்த முனையில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானால் போதும், அந்த ஓர் இடத்தில் மட்டும் சுமார் 25 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்னின் சூடு அது. விரல் நுனி அளவுள்ள இடத்தில், பிளாஸ்டிக்கும் பலகையும் சூழ்ந்திருக்க, ஹீட்டர் ஓடும் நேரமெல்லாம் அந்தச் சூடு இருந்துகொண்டே இருக்கும்.

"அதற்குத்தானே டிபி பெட்டியில் டிரிப் ஆகும் சுவிட்ச் இருக்கிறது" என்று நீங்கள் கேட்கலாம். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்சிபி சுவிட்ச் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் விழும். இங்கே ஓடுவது அளவான மின்சாரம்தான். ஆர்சிசிபி சுவிட்ச் மின்சாரம் பூமிக்குக் கசிந்தால் விழும். இங்கே கசிவு எதுவும் இல்லை. ஆக, இரண்டும் விழாது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஹீட்டர் வேலை செய்துகொண்டிருக்கும், சுவருக்குள் ஓரிடம் கருகிக்கொண்டிருக்கும்.

டெல்லி தரும் பாடம்

தொங்கும் கேபிள் என்ன செய்யும் என்பதற்கு இந்தியத் தலைநகரில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1997 ஜூன் 13-ஆம் தேதி டெல்லி கிரீன் பார்க் பகுதியில் உள்ள உப்ஹார் திரையரங்கில் 'பார்டர்' இந்திப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அன்று மூண்ட தீயில் 59 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் டெல்லி மின்சார வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. அன்று காலையிலேயே அதில் ஒரு சின்னத் தீ ஏற்பட்டது. வாரியத்தின் ஆட்கள் வந்து பழுது பார்த்தார்கள். கேபிளின் முனையில் மாட்டும் உலோக சாக்கெட்டை அதற்குரிய கருவியால் இறுக்கி அழுத்த வேண்டும். அவர்கள் சுத்தியலால் அடித்துப் பொருத்திவிட்டுப் போனார்கள். மின்சாரம் வந்தது. வேலை முடிந்தது.

மாலை ஐந்து மணி வாக்கில் அந்தக் கேபிள் முனையிலிருந்து கழன்று, டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டர் மேல் சரிந்து தொங்கியது. அங்கு எழுந்த தீப்பொறி ரேடியேட்டரின் தகட்டில் ஓட்டை போட்டது. உள்ளே இருந்த எண்ணெய் வழிந்து தீப்பிடித்தது. கீழே நிறுத்தியிருந்த கார்கள் எரிந்தன. புகை படிக்கட்டு வழியாகப் புகைபோக்கியில் ஏறுவதுபோல மேலேறி, பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களைச் சூழ்ந்தது. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. கூடுதல் இருக்கைகள் பாதையை மறித்திருந்தன. இறந்தவர்களைக் கொன்றது நெருப்பைவிடப் புகைதான்.

விசாரணையில் பதிவான ஒரு விவரம் நம் கட்டுரைக்கு முக்கியமானது. அந்தக் கேபிள்களைத் தாங்கிப் பிடிக்க கிளாம்போ வேறு ஆதாரமோ இருக்கவில்லை. முனை சரியாக இறுக்கப்படாதது ஒரு தவறு. அது கழன்றாலும் கீழே விழாமல் பிடித்திருக்க ஏதும் இல்லாதது இரண்டாவது தவறு. ஒரு கிளாம்ப் இருந்திருந்தால் அந்தக் கேபிள் ரேடியேட்டர் வரை சரிந்திருக்காது.

17 வயது மகளையும் 13 வயது மகனையும் அங்கே பறிகொடுத்த நீலம் கிருஷ்ணமூர்த்தி, சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் திரட்டி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றப் படியேறினார்கள். அவர்கள் எழுதிய புத்தகத்தைத் தழுவி 2023-இல் நெட்பிலிக்சில் வெளிவந்த 'டிரையல் பை ஃபயர்' தொடரை நம்மில் பலர் பார்த்திருப்போம். திரையரங்கு முதலாளிகள் மேல் நடந்த வழக்குதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்தச் சுத்தியலும் இல்லாத கிளாம்பும் நினைவில் நிற்பதில்லை.

தீயில் விழும் கேபிள்

இரண்டாவது ஆபத்து வேறு வகையானது. தீ எதனால் வேண்டுமானாலும் தொடங்கட்டும். தொடங்கிய பிறகு மேலே இருக்கும் கேபிள்கள் என்ன ஆகும்?

2005 பிப்ரவரி 2-ஆம் தேதி இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் ஹாரோ கோர்ட் என்ற 17 மாடிக் குடியிருப்பின் 14-ஆவது மாடியில் தீப்பிடித்தது. மெழுகுவர்த்தியில் தொடங்கிய தீ அது. உள்ளே சிக்கியவர்களை மீட்கப் போன ஜெஃப் வார்ன்ஹம், மைக்கேல் மில்லர் என்ற இரண்டு தீயணைப்பு வீரர்களும் குடியிருந்த ஒரு பெண்ணும் இறந்தார்கள். வீரர்களில் ஒருவர் கீழே விழுந்து கிடந்த கேபிள்களில் சிக்கிய நிலையில் காணப்பட்டார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரல் 6-ஆம் தேதி சவுத்தாம்ப்டன் நகரின் ஷெர்லி டவர்ஸ் அடுக்குமாடியில் அதே கதை. ஆலன் பேனன், ஜேம்ஸ் ஷியர்ஸ் என்ற இரு வீரர்கள் உயிரிழந்தார்கள். அங்கும் மேலேயிருந்து விழுந்த வயர்கள் வீரர்களின் வழியில் குறுக்கிட்டன.

காரணம் எளிது. வீட்டு வயரின் பிவிசி உறை 70 பாகை செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்படுகிறது. கிளிப்பும் டிரங்கிங்கும் பிளாஸ்டிக்தான். கேபிள் கட்டும் நைலான் டை ஏறக்குறைய 260 பாகையில் உருகிவிடும். தீப்பிடித்த அறையில் மேற்கூரை ஓரத்து வெப்பம் சில நிமிடங்களில் பல நூறு பாகையைத் தொடும். செம்பு உருக வேண்டுமானால் 1,085 பாகை வேண்டும். ஆக, வயரைப் பிடித்திருந்தவை எல்லாம் உருகிப் போகும். வயர் மட்டும் மிஞ்சும். மேலே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கம்பிகள் வலைபோலக் கீழே இறங்கும். புகையில் ஒன்றும் தெரியாது. முதுகில் காற்று உருளை சுமந்து தவழ்ந்து வரும் வீரரின் உருளையில் அந்தக் கம்பி மாட்டிக்கொள்ளும். அவரிடம் இருப்பது குறிப்பிட்ட நிமிடங்களுக்கான காற்று மட்டுமே. காற்று உருளைகூட இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் நம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஷெர்லி டவர்ஸ் மரணங்களை விசாரித்த அதிகாரி 2013-இல் ஒரு பரிந்துரை செய்தார். தீ எச்சரிக்கைக் கேபிள்கள் மட்டும் அல்ல, எல்லாக் கேபிள்களும் தீயைத் தாங்கும் பிடிப்புகளில் இருக்க வேண்டும் என்றார். பி.எஸ். 7671 என்ற பிரிட்டிஷ் வயரிங் விதிமுறையில் 2015-இல் மாற்றம் வந்தது: தப்பிக்கும் வழிகளில் உள்ள வயர்கள் தீயில் சீக்கிரமாக விழுந்துவிடாதபடி பிடிக்கப்பட வேண்டும். 2018-இல் வெளிவந்து 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 18-ஆம் பதிப்பு, அந்த விதியைக் கட்டடத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவாக்கியது. நான்கு தீயணைப்பு வீரர்களின் உயிரிலிருந்து பிறந்த விதி அது. நடைமுறையில் அதன் பொருள், ஆங்காங்கே ஓர் உலோகக் கிளிப் என்பதுதான்.

தீயில் பிறந்த பிரிக்பீல்ட்ஸ்

நம் ஊருக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே ஒரு தீயோடு தொடர்புடையது. 1881-இல் மரமும் அத்தாப்பும் வேய்ந்த கோலாலம்பூர் நகரம் தீயில் எரிந்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அதன்பின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹம், கடைகளையும் வீடுகளையும் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார். அந்தச் செங்கற்களைச் சுட்டெடுத்த சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். எரியாத வீடு வேண்டும் என்ற தேவையில் வளர்ந்த இடம் அது.

சுவர் செங்கல்லானது. ஆனால் அந்தச் சுவரின் மேல் கடந்த நூறு ஆண்டுகளில் நாம் ஏற்றி வைத்தது என்ன? பழைய கடைவீடுகளில் ஒரு தலைமுறை போட்ட வயருக்கு மேல் அடுத்த தலைமுறையின் வயர் ஓடுகிறது. கீழே கடை, மேலே வாடகை அறைகள். பலகைத் தடுப்பு வைத்து ஓர் அறையை மூன்றாக்கும்போது ஒரு பிளக்கிலிருந்து மூன்று பிளக்குக்கு வயர் இழுக்கப்படுகிறது. அந்த வயர் பலகையின் மேல் சும்மா கிடத்தப்படுகிறது.

அழகுக்காகப் போடும் பிளாஸ்டர் சீலிங்கும் அப்படித்தான். சீலிங்குக்கு மேலே வயர்களை எதிலும் பிடிக்காமல் அட்டையின் மேலேயே பரப்பிவிட்டு மூடிவிடுவார்கள். எலி கடித்தாலும் தெரியாது, சூடேறினாலும் தெரியாது. தீயில் அட்டை விழும்போது அத்தனை வயரும் சேர்ந்து விழும்.

தீபாவளிக் காலத்தில் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் நடந்து பாருங்கள். கூடாரக் கம்பத்திலிருந்து கூடாரக் கம்பத்துக்கு வயர்கள் தாவும். பட்டுப்புடவையும் காகிதத் தோரணமும் தொங்கும் அதே கம்பத்தில் சூடான பல்புகளும் தொங்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை நமக்குத் தெரிந்ததுதான். நனைந்த கூடாரத் துணி தொய்யும்போது அதோடு வயரும் தொய்கிறது. சில நாள் கடைதானே என்று நினைக்கிறோம். உப்ஹாரில் அந்தப் பழுது தாங்கியது சில மணி நேரம் மட்டுமே.

தோட்டங்களுக்கும் இது பொருந்தும். இரவு சில மணி நேரம் மட்டும் வரும் இஞ்சின் கரண்டில் ஒரு பல்பு எரிந்த காலத்தை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு பல்புக்காகப் போட்ட வயர் பாதையில் இன்று ஐஸ் பெட்டி, ரைஸ் குக்கர், துணி துவைக்கும் இயந்திரம், சில வீடுகளில் ஏர்கோனும் ஓடுகின்றன. பலகைச் சுவர் லயத்தில் வயர் தொய்ந்து பலகையில் உரசுவது, செங்கல் வீட்டில் உரசுவதைப் போன்றது அல்ல. ஒரு வீடு பிடித்தால் வரிசையே போகும்.

பாயிண்ட் கணக்கு

ஏன் இப்படி? வயர்மேன்களைத் திட்டுவது எளிது. அவர்களில் பலர் நம் பிள்ளைகள்தான். ஆனால் கூலி எப்படிப் பேசப்படுகிறது என்று பாருங்கள். "ஒரு பாயிண்ட் எவ்வளவு?" இதுதான் நாம் கேட்கும் முதல் கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான்.

பாயிண்ட் கணக்கு என்பது முனைக்குக் கொடுக்கும் கூலி. விளக்கு ஒரு பாயிண்ட், விசிறி ஒரு பாயிண்ட், பிளக் ஒரு பாயிண்ட். இடையில் வயர் ஓடும் வழிக்கு அந்தக் கணக்கில் தனி விலை இல்லை. பத்து அடிக்கு மூன்று கிளிப் அடித்தாலும் பன்னிரண்டு கிளிப் அடித்தாலும் ஒரே கூலி. கிளிப்பின் விலை பெரிதல்ல. ஏணியில் நின்று, சுவரைத் துளைத்து, ஒவ்வொன்றாக அடிக்கும் நேரம்தான் செலவு. ஒரு நாளில் மூன்று வீடு முடித்தால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலையில் இருக்கும் இளைஞர் முதலில் எதை விடுவார்? யாரும் பார்க்காததை, யாரும் காசு கொடுக்காததை விடுவார்.

ஆகவே இது ஒரு தனி மனிதரின் சோம்பேறித்தனம் இல்லை. நாம் பேசும் விலையே அந்தத் தவறைக் கேட்டு வாங்குகிறது. விலை பேசும் முறையை நாம் மாற்றினால்தான் வேலை மாறும்.

யார் பொறுப்பு?

வீட்டுக்குள் வயரிங் யாரும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1990-ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் அப்படிச் சொல்லவில்லை. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் மேற்பார்வையில், ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் செய்ய வேண்டிய வேலை அது. முடிந்ததும் இரண்டு பாரங்கள் உண்டு. மேற்பார்வையும் வேலையும் முறையாக முடிந்தன என்பதற்கு போரங் ஜி. சோதித்துப் பார்க்கப்பட்டது என்பதற்கு போரங் எச். வீட்டை முழுதாக மறுவயரிங் செய்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தாள்களைக் கேட்டு வாங்கியிருப்போம்?

வீடு அல்லாத மின் அமைப்புகளை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. வீட்டை அது அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதாவது, கடைக்கும் தொழிற்சாலைக்கும் ஒரு கண் இருக்கிறது. நம் வீட்டுக்கு நாம்தான் கண்.

அடுக்குமாடியின் படிக்கட்டும் தாழ்வாரமும் பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அவற்றைப் பராமரிப்பது ஜேஎம்பி அல்லது நிர்வாகக் குழுவின் கடமை. நாம் மாதந்தோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணம் அதற்குத்தான். குழு கேட்கவில்லையென்றால் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். கிள்ளான்வாசிகளுக்கு அது கிள்ளான் அரச மாநகர மன்றம். தலைநகரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம். மாநகர் மன்றத்தின் வாடகை பிபிஆர் வீடுகளில் இருப்பவர்கள் நேரடியாக மாநகர் மன்றத்திடமே கேட்கலாம்.

தோட்டத்து வீடுகளுக்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் இருக்கிறது. தொழிலாளிக்கு வீடு தரும் முதலாளி, மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கவும் வேண்டும். தொய்ந்து தொங்கும் வயர் 'நல்ல நிலை' ஆகாது. இதைக் கேட்பது சலுகை கேட்பது அல்ல. வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போகும். படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையிடம் போகலாம்.

2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா நாடாளுமன்றத்தில் தாக்கலானபோது பழைய அடுக்குமாடிகளை இடிப்பதா வேண்டாமா என்ற விவாதம் நம்மிடையே சூடாக எழுந்தது. எத்தனை விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும், குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதெல்லாம் அவசியமான கேள்விகள். ஆனால் அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை நாம் அதே படிக்கட்டில்தான் ஏறி இறங்கப் போகிறோம். கட்டடம் பழையது, எப்படியும் இடிக்கத்தான் போகிறார்கள் என்று சொல்லிப் பராமரிப்பைத் தள்ளிப்போட நிர்வாகங்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இந்த வாரம் பார்க்க வேண்டியவை

எதையும் நீங்களே கழற்றவோ இழுத்துக் கட்டவோ வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்.

1. வயர் தொய்ந்து இருக்கிறதா? மெல்லிய வீட்டு வயருக்குக் கிடைமட்டமாக 250 மில்லிமீட்டருக்கு ஒன்று, செங்குத்தாக 400 மில்லிமீட்டருக்கு ஒன்று என்பது பிரிட்டிஷ் கைநூல்கள் காட்டும் இடைவெளி. சுமார் ஒரு சாண் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாணுக்கு ஒரு கிளிப் இருந்தால் வயர் தொய்யாது.

2. பிளக், சுவிட்ச் மூடிகளில் பழுப்பு நிறம், கருகல் வாடை, தொட்டால் சூடு இருக்கிறதா? இருந்தால் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

3. மின்சார வயரைத் தண்ணீர்க் குழாயிலோ கேஸ் குழாயிலோ, ஜன்னல் கம்பியிலோ கட்டி வைத்திருக்கிறார்களா? ராஃபியா கயிறு, செலோபன் டேப், துணி, இவை எதுவும் வயரைத் தாங்கும் பொருள் அல்ல.

4. படிக்கட்டிலும் வாசல் கதவுக்கு மேலேயும் ஓடும் வயர்களைப் பிடித்திருப்பது முழுக்கப் பிளாஸ்டிக்தானா? தீயின்போது நீங்கள் ஓடிவரும் வழி அது. அங்கே இடையிடையே உலோகச் சாடிலோ உலோகக் கிளிப்போ போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் டிரங்கிங்காக இருந்தால் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. உள்ளே இடைவெளி விட்டு உலோகக் கிளிப் பொருத்தலாம்.

5. கைவிடப்பட்ட பழைய கேபிள்கள் இருக்கின்றனவா? நிர்வாகம் உரிய நிறுவனங்களைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொல்லி அகற்றட்டும். செத்த கேபிளும் எரியும், செத்த கேபிளும் காலில் மாட்டும்.

அடுத்த முறை வயர்மேனிடம் விலை பேசும்போது "பாயிண்ட் எவ்வளவு?" என்பதோடு இன்னும் மூன்று கேள்விகள் சேர்த்துக்கொள்ளுங்கள். வயர் எந்த வழியாகப் போகும்? எதில் பிடிப்பீர்கள்? போரங் கொடுப்பீர்களா? கிளிப்புக்கும் அதை அடிக்கும் நேரத்துக்கும் தனி விலை சொன்னால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். வேலை முடிந்ததும் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் வயர் ஓடும் வழியைக் கண்ணால் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். தீ அல்லது புகை என்றால் 999. வெளியே தெனாகாவின் வயர் அறுந்தோ தொங்கியோ கிடந்தால் அருகில் போகாமல் 15454-க்கு அழையுங்கள்.

வயரிங் தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு மூன்று ஆண்டு யாரோ ஒருவரிடம் கையாளாக இருந்து தொழிலைக் கற்றவர்கள் உங்களில் பலர். கை வேலை சுத்தமாக இருக்கும். கையில் தாள் இருக்காது. கியாட்மாராவிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் வயர்மேன் பயிற்சி இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் போரங்கில் உங்கள் பெயரை நீங்களே கையெழுத்துப் போடலாம். அவசரமாக மூன்று வீடு முடிக்க வேண்டிய கட்டாயமும் குறையும்.

பெரியம்மா வீட்டுக்கு அடுத்த வாரம் சான்றிதழ் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்துப் போனேன். ஹீட்டர் பிளக்கைத் திறந்து காட்டினார். ஒரு திருகு விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, வயரைச் சுவரோடு சேர்த்து சாணுக்கு ஒரு கிளிப்பாக அடித்து, வாசல் கதவுக்கு மேலே மட்டும் உலோகச் சாடில் போட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனது. பெரியம்மா கீழே நின்று கிளிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் ராஃபியா கயிறு இன்னும் அப்படியே இருக்கிறது. படம் எடுத்து, தேதியோடு நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது. அவருக்குக் கீழே அதே படிக்கட்டைப் பயன்படுத்தும் இன்னும் பதினொரு வீட்டார் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.